ஒரே ஒரு லேப்டாப்பில் மின்சுற்றுப் பாடம்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

வகுப்பில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்கள் பலர் முதலில் ஆப் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது, பாடத்தில் பிள்ளைகள் சறுக்கும் இடத்தை. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் திரையைக் கொண்டு வந்தால் போதும். மீதிப் பாடத்துக்குக் கரும்பலகையும் உங்கள் குரலும் இருக்கின்றன.

நடுநிலை வகுப்புகளின் மின்னியல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். தேவையானவை ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர் அல்லது ஸ்மார்ட் டிவி, உங்கள் போன். மாணவர்கள் கையில் போனோ கணினியோ வேண்டாம்.

படி 1: சறுக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

மின்னியலில் அந்த இடம் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தொடர் இணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பல்புகள் இருந்தால், முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். "சுற்று முழுவதும் மின்னோட்டம் சமம்" என்று நோட்டில் எழுதிய பிறகும் இந்த நம்பிக்கை அப்படியே இருக்கும். கம்பிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால், திரை உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இது.

படி 2: கருவியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் ஃபெட் (PhET). திரையிலேயே சோதனை செய்து பார்க்க உதவும் அதன் சிமுலேஷன்கள் இலவசம். 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்ஷன் கிட்: டிசி' என்பதைத் தேடி எடுங்கள். அந்தப் பக்கத்திலேயே டவுன்லோட் பொத்தான் இருக்கும். இறங்குவது ஒரே ஒரு கோப்புதான். அதை பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனால் குரோமில் இணையம் இல்லாமலே திறக்கும். பள்ளி வைஃபையை நம்பிப் பாடம் தொடங்காதீர்கள்.

வீடியோவும் வேண்டுமென்றால், பாடநூலில் இருக்கும் கியூஆர் கோடை திக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்து, முதல் நாளே போனில் சேமித்து வையுங்கள். யூடியூப் வீடியோவை வகுப்பில் நேரடியாக ஓட்டினால் நடுவில் விளம்பரம் வரும், பிள்ளைகளின் கவனம் அதோடு போய்விடும்.

படி 3: நீங்கள் ஒருமுறை கட்டிப் பாருங்கள்

பேட்டரி, கம்பி, பல்பு ஆகியவற்றை இழுத்துப் போட்டு முனைகளைச் சேர்த்தால் சுற்று தயார். பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பு என்றால் 0.9 ஆம்பியர். தொடரில் இரண்டு என்றால் 0.45 ஆம்பியர். மின்னோட்டம் பாதியாகிறது, ஆனால் ஒவ்வொரு பல்பின் திறனும் 8.1 வாட்டிலிருந்து ஏறக்குறைய 2 வாட்டுக்கு, அதாவது கால் பங்குக்கு இறங்குகிறது. வெளிச்சம் ஏன் இவ்வளவு மங்குகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் சொல்வதற்கு இது கைவசம் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரையில் எலக்ட்ரான்கள் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு ஓடும். புத்தகத்தில் மின்னோட்ட அம்பு அதற்கு எதிர்த்திசையில் இருக்கும். கூர்மையான பிள்ளை ஒன்று இதைக் கட்டாயம் கேட்கும். புத்தகத்தில் உள்ள அந்தத் திசையை, அதாவது மரபு மின்னோட்டத்தைக் காட்டும் வசதியும் சிமுலேஷனிலேயே இருக்கிறது. எதைக் காட்டப்போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். எண்கள் தெரியவில்லையென்றால் பெரிதாக்குங்கள்.

படி 4: காட்டுவதற்கு முன் ஊகிக்கச் சொல்லுங்கள்

பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. புரொஜெக்டரைப் போட்டதும் சிமுலேஷனை ஓட்டிவிட்டால், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், பழைய நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவார்கள். முதலில் கரும்பலகையில் படம் வரையுங்கள்: ஒரு பேட்டரி, தொடரில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். எது அதிகமாக எரியும்? முதலாவதா, இரண்டாவதா, இரண்டும் சமமா? ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். எழுதியபின் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடட்டும். சத்தம் வரும், வரட்டும். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது திரைக்கு வாருங்கள். ஒரு மாணவியை அழைத்துச் சுற்றைக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு பல்பும் சமமாக எரியும். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வையுங்கள், பிறகு இரண்டு பல்புகளுக்கும் நடுவில், பிறகு இரண்டாவதுக்குப் பின்னால். மூன்று இடத்திலும் 0.45. கரண்ட் எங்கேயும் தீர்ந்துபோகவில்லை என்பதை அவர்களே வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருங்கள்.

இதே முறையில் பக்க இணைப்பு, அதாவது ஒவ்வொரு பல்புக்கும் தனிப் பாதை. ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது என்னவாகும்? ஊகம், பிறகு திரை. ஹாலில் லைட்டை அணைத்தாலும் சமையலறையில் எரிவது ஏன் என்ற கேள்வியை இங்கே போடுங்கள்.

படி 5: நிஜ பல்பைக் கையில் கொடுங்கள்

கொலராடோவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், இந்தச் சிமுலேஷனில் பழகியவர்கள் பின்னர் நிஜச் சுற்றுகளையும் நன்றாகவே கட்டினார்கள். என்றாலும் பேட்டரிக் கட்டை, டார்ச் பல்பு, கம்பி ஆகியவற்றைத் தொடாமல் இந்தப் பாடம் முடியக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நிஜத்தில் பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு லேசாக மங்கக்கூடும். பேட்டரிக்குள் இருக்கும் மின்தடைதான் காரணம். திரையில் அப்படி நடக்காது, ஏனென்றால் அங்கே இருப்பது குறையில்லாத பேட்டரி. இந்த வித்தியாசத்தை மறைக்காமல் பேசுங்கள். சுவர் பிளக்கில் எதையும் செய்து பார்க்கக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

படி 6: புரிந்ததா என்று போனிலேயே பாருங்கள்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலியைப் பயன்படுத்துங்கள். அதன் தளத்தில் உங்கள் வகுப்பைப் பதிந்து, அட்டைகளை அச்செடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அட்டையில் ஒரு கறுப்பு வெள்ளை வடிவம் இருக்கும். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் அவர்கள் விடை. ஒவ்வொரு அட்டையும் வேறு வடிவம் என்பதால் பார்த்துக் காப்பியடிப்பது கடினம். உங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால், யார் எந்த விடை என்று பதிவாகிவிடும். இதற்கு மட்டும் மொபைல் டேட்டா வேண்டும். அட்டைகளைக் கெட்டியான தாளில் அச்செடுங்கள், ஆனால் பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். வெளிச்சம் பட்டுப் பிரதிபலித்தால் கேமரா தடுமாறும்.

மூன்று கேள்விகள் போதும். அதில் ஒன்று, வகுப்பில் காட்டாத சுற்றாக இருக்கட்டும்: தொடரில் மூன்று பல்புகள், நடுப் பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் எப்படி? பெயர்களை வகுப்பில் படிக்காதீர்கள். தவறிய பிள்ளைகளை அடுத்த நாள் லேப்டாப்பைச் சுற்றி உட்கார வைத்து, மவுஸை அவர்கள் கையில் கொடுத்து, அம்மீட்டரை அவர்களையே நகர்த்தச் சொல்லுங்கள்.