பெரிய ரிவால்வருக்கு மென்மையான தோட்டா: .44 மேக்னத்தில் இலக்குச் சுடுதலும் கைநிரப்புதலும்

1955ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த .44 மேக்னம், வேட்டைக்காரர்களுக்காகப் பிறந்த தோட்டா. ஏறத்தாழ 15.5 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 400 மீட்டர் அளவிலான வேகத்தில் செலுத்தும் அதன் வலு, காகித இலக்கின் முன்னால் நிற்பவருக்கு ஒரு பயனும் தருவதில்லை. கையை உதறச் செய்து, அடுத்த சுடுதலுக்கு முன்பே மனத்தில் அச்சத்தை ஏற்றிவிடும். ஆனால் அந்தத் தோட்டாவைத் தாங்குவதற்காகக் கனமாகவும் திண்மையாகவும் செய்யப்பட்ட ரிவால்வர், அதே குண்டை நொடிக்கு 230 முதல் 260 மீட்டர் வேகத்தில் மட்டும் செலுத்தும்போது மிக நல்ல இலக்குத் துப்பாக்கியாக மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட மென்மையான தோட்டாவை விரும்பிய அளவில் பெறவே பலர் கைநிரப்புதலுக்கு, அதாவது சுட்ட கூட்டில் புதிய வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவைத் தாமே செய்துகொள்வதற்கு, வருகிறார்கள்.

இங்கே சொல்லப்படுபவை அமெரிக்காவில் சட்டப்படி நடக்கும் விளையாட்டைப் பற்றியவை. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம்.

முதலில் துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும். குண்டு, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் அறையிலிருந்து புறப்பட்டு, அறையின் முன்வாயைக் கடந்து, பின்புதான் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்களில் நுழைகிறது. முன்வாய் குழலின் உள்ளளவைவிடச் சிறியதாக இருந்தால் ஈயக்குண்டு அங்கேயே நசுங்கி மெலிந்துபோகும். மெலிந்த குண்டைச் சுற்றிச் சூடான வாயு கசிந்து, குழலில் ஈயப்படிவை உண்டாக்கும். துல்லியம் கெடுவதற்கு மருந்தைக் குறை சொல்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுதான் என்பது என் கருத்து. ஸ்மித் அண்ட் வெஸன் குழல்களில் ஐந்து வரிப்பள்ளங்கள் இருப்பதால், உள்ளளவை அறியக் குழலுக்குள் தள்ளி எடுத்த ஈயத்துண்டைச் சாதாரண மைக்ரோமீட்டரால் நேராக அளப்பது கடினம். எளிய வழி ஒன்று உண்டு: தோட்டாக்கள் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, 0.430 அங்குல விட்டமுள்ள ஈயக்குண்டை ஒவ்வோர் அறையின் முன்வாயிலும் விரலால் தள்ளிப் பார்க்கலாம். சிறு அழுத்தத்தில் நுழைந்து வெளிவந்தால் நல்லது. தானாக விழுந்தாலோ, சுத்தியால் தட்டித்தான் நுழையும் என்றாலோ குண்டின் அளவை மாற்ற வேண்டும், அல்லது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

இலக்குக்கு ஏற்ற குண்டு, முனை தட்டையாகவும் தோள்பகுதி கூர்விளிம்பாகவும் உள்ள செமி வாட்கட்டர் வகை. அது காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டிச் செல்வதால் புள்ளிகளை எண்ணுவது எளிது.

பித்தளைக் கூடுகளைத் துடைத்து, விளிம்பில் விரிசல் உள்ளவற்றை ஒதுக்கிய பிறகு, கார்பைடு வளையமுள்ள டையில் (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) செலுத்தினால், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பழைய பிரைமர் வெளியேறும், கூடும் பழைய அளவுக்குச் சுருங்கும். இந்த வகை டைக்கு மசகு தேவையில்லை. இரண்டாவது டை கூட்டின் வாயைச் சற்றே மலர்த்தும். குண்டு சிராயாமல் உட்கார அவ்வளவு போதும். புதிய பிரைமர் கூட்டின் அடித்தளத்தைவிட மயிரிழை உள்ளடங்கி நிற்க வேண்டும். வெளியே துருத்தினால் சிலிண்டர் உராய்ந்து சுழல மறுக்கும்.

அடுத்தது மருந்து. கைநிரப்புதலில் உயிரோடு விளையாடும் கட்டம் இதுவே. .44 மேக்னத்தின் கூடு, 1907இல் வந்த .44 ஸ்பெஷலை நீட்டிச் செய்தது. அதுவும் அதிக இடம் பிடிக்கும் கருமருந்தின் காலத்து .44 ரஷ்யனை நீட்டிச் செய்தது. ஆகவே வேகமாக எரியும் புகையற்ற மருந்தை இலக்குச் சுடுதலுக்குரிய சிறு அளவில் இட்டால், அது கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். மேலே பெரும்பகுதி வெற்றிடம். தவறுதலாக இரண்டாம் முறை இட்டாலும் அது வழிந்து காட்டிக்கொடுக்காது. அந்தத் தோட்டாவைச் சுட்டால் சிலிண்டர் பிளக்கலாம். ஐம்பது கூடுகளையும் மரத்தட்டில் நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் கைவிளக்கை அடித்து மருந்தின் மட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஒருபோதும் விடக் கூடாது. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். பேச்சுத் துணையும் வேண்டாம்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதவில்லை. மருந்துத் தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள அட்டவணையில், உங்கள் குண்டின் எடைக்கும் வகைக்கும் உரிய தொடக்க அளவைப் பார்த்து, தராசில் நிறுத்துத் தொடங்குவதே முறை. மென்மை வேண்டும் என்பதற்காக எந்த மருந்தையும் குறைத்துவிடலாம் என்று எண்ணவும் கூடாது. மெதுவாக எரியும் எச்110, வின்செஸ்டர் 296 ஆகிய மருந்துகளை அட்டவணை அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று அவற்றை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும்.

குண்டை இருத்திய பிறகு கூட்டின் வாயைக் குண்டிலுள்ள பள்ளத்துக்குள் சுருட்டி மடிக்க வேண்டும். மடிப்பு தளர்ந்திருந்தால், ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னே நகர்ந்து சிலிண்டரைப் பூட்டிவிடும். மென்மையான தோட்டாவில் அந்த ஆபத்து குறைவு. எனினும் மருந்து ஒரே சீராக எரிய இந்த மடிப்பு உதவுகிறது. குட்டையான .44 ஸ்பெஷல் கூடுகளையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அவை மேக்னம் அறைக்குள் ஒரு கரிவளையத்தை விட்டுச் செல்லும், பிறகு நீளமான கூடு நுழையத் திணறும்.

இனிச் சுடுதல். புல்ஸ்ஐ எனப்படும் அமெரிக்கக் கைத்துப்பாக்கி இலக்குப் போட்டியில் ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். 50 கஜத்தில் பத்து நிமிடத்துக்குப் பத்துத் தோட்டா, 25 கஜத்தில் 20 நொடிக்கு ஐந்து, பிறகு 10 நொடிக்கு ஐந்து. இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 85 மில்லிமீட்டர் அகலம். குறிபார்க்கத் துப்பாக்கியின் மேலுள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 200 மில்லிமீட்டர் தூரம் என்று கொண்டால், குறிகளின் ஒழுங்கு கால் மில்லிமீட்டர் பிசகினாலே குண்டு 25 கஜத்தில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டரும், 50 கஜத்தில் 57 மில்லிமீட்டரும் விலகிவிடும். கண் முன்குறியிலேயே நிலைக்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும் என்பதன் காரணம் இந்தக் கணக்குத்தான். கை சற்று ஆடினால் அஞ்ச வேண்டாம். ஆட்டத்தை நிறுத்த முயன்று விசையைச் சுண்டுவதே பெரிய பிழை. துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைத்து, விசையின் மேல் அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விரைவுச் சுற்றில், உதைப்பில் துப்பாக்கி மேலெழும் கணத்திலேயே கட்டைவிரல் சுத்தியலை இழுத்துவிட வேண்டும். முழு வலுத் தோட்டாவில் பிடி நழுவிவிடுவதால் 10 நொடி போதாது.

விரல்கள் சிலிண்டரின் முன்விளிம்புக்கு அருகே போகவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தீயும் வாயுவும் பக்கவாட்டில் பாயும். சுட்டும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கின் பக்கமே நீட்டி 30 நொடி காத்திருக்க வேண்டும். வழக்கத்தைவிட மெல்லிய ஓசை கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடாமல், மற்றவற்றை வெளியே எடுத்துவிட்டுக் குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி, காதுறை இவற்றைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஈயத்தைக் கையாண்ட கையைச் சோப்பால் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

கடைசியாக, மணல்மூட்டையின் மேல் தாங்கி வைத்து, சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் எண்ணிட்டு, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் காகிதத்தில் ஐந்தைந்து தோட்டா சுட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அறை மற்றவற்றோடு சேராமல் தனியே குண்டை எறியும். அதைத் திருத்தச் செலவு செய்வதற்கு முன் போட்டியின் விதியை நினைத்துப் பாருங்கள்: ஒரு தடவை நிரப்புவது ஐந்து தோட்டாக்கள்தான், அறைகளோ ஆறு. பிசகும் அறையில் ஒரு புள்ளி மை வைத்து, அதைக் காலியாக விட்டு நிரப்பிக்கொள்ளலாம்.