கோவைப் புறநகரின் மக்கள்தொகை வளர்ச்சியைக் கணக்கிடும் முறை

நடுத்தர நகரம் ஒன்றின் புறநகர் எவ்வளவு வளர்ந்துள்ளது என்று அறிய விரும்புவோர், எண்களைத் திரட்டும் முன்பே எல்லையை முடிவு செய்துகொள்ள வேண்டும். கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை 2001-இல் 9.31 லட்சம், 2011 கணக்கெடுப்பில், அதே எல்லைக்குள், 10.51 லட்சம். அவ்வாண்டிலேயே குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய 3 நகராட்சிகளும், துடியலூர், வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி உள்ளிட்ட 7 பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் இணைக்கப்பட்டதால், 2011-க்கான எண்ணிக்கை ஏறக்குறைய 16 லட்சமாக உயர்ந்தது. எல்லை மாற்றத்தைக் கவனியாமல் இதை 9.31 லட்சத்தோடு ஒப்பிடுபவர், பத்தாண்டில் 70 சதவீத வளர்ச்சி என்ற தவறான முடிவுக்கே வருவார். பழைய எல்லைக்குள் உண்மையான வளர்ச்சி 12.9 சதவீதம்தான், தமிழ்நாட்டின் வளர்ச்சியான 15.6 சதவீதத்தைவிட அது குறைவு.

ஆகவே, இணைந்த ஊர் ஒவ்வொன்றுக்கும் 2001, 2011 ஆகிய இரு ஆண்டுகளின் எண்களை மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டிலிருந்து தனித்தனியே எடுத்து, இடையில் அதிகரித்த தொகையை 2001-இன் தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். கிடைக்கும் விகிதம் மாநில விகிதத்தைவிட வெகுவாக மிகுந்திருந்தால், வெளியிலிருந்து வந்து குடியேறியோர் அங்கே அதிகம் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

கிராமப் பட்டியலில் ஓர் ஊர் காணாமற்போனால் பதற வேண்டாம். குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, முதன்மைத் தொழிலாளரான (ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்யும்) ஆண்களில் 75 சதவீதத்தினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால், ஊராட்சியாகவே இருக்கும் ஊரையும் கணக்கெடுப்பில் நகரமாகச் சேர்த்துவிடுவர். இத்தகைய ஊர்களில்தான் நகரத்து நெருக்கடியை ஊராட்சியின் சொற்ப வருவாயைக் கொண்டு சமாளிக்க வேண்டியிருக்கிறது என்பதால், இவற்றை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

2011-க்குப் பிந்தைய நிலையை மதிப்பிட, வீட்டு வரி விதிப்புகளும் வீட்டு மின் இணைப்புகளும் உதவும். மனைப்பிரிவு அனுமதிகள் உதவா, ஏனெனில் விற்ற மனைகள் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடக்கலாம். வாக்காளர் பட்டியலில் வெளிமாநிலத் தொழிலாளர் பெரும்பாலும் இடம்பெறாததால், தொழிற்கூடங்களை ஒட்டிய வாடகைக் குடியிருப்புகளை வீதி வீதியாக நேரில் எண்ணிச் சேர்க்க வேண்டும்.