சலீர்: ஸ்பானிய மொழியில் ‘கிளம்பினேன்’, ‘கிளம்புவேன்’

கிளம்புதல், புறப்படுதல், வெளியே போதல் ஆகிய மூன்றுக்கும் ஸ்பானிய மொழியில் அன்றாடம் வழங்கும் வினை ‘சலீர்’. நிகழ்காலத் தன்மை ஒருமையில் அது ‘சால்கொ’ என்று இடையில் ஒரு ககரத்தைச் செருகிக்கொள்வதைப் பார்த்தவர்கள், இறந்தகாலத்திலும் இப்படி ஏதேனும் முரண்டு பிடிக்கும் என்று அஞ்சுவதுண்டு. இறந்தகால வடிவங்களோ முற்றிலும் விதிப்படி நடப்பவை. சிக்கல், எந்த இறந்தகாலம் என்பதில்தான் இருக்கிறது.

ஒரே தடவை நடந்து முடிந்ததைச் சொல்ல, நான் சலீ, நீ சலீஸ்தெ, அவர் சல்யோ, நாங்கள் சலீமொஸ், அவர்கள் சல்யேரொன் என்று வரும். ஸ்பெயினில் மட்டும் நெருக்கமானவர்களைப் பன்மையில் அழைக்க ‘சலீஸ்தெய்ஸ்’ உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் ‘சல்யேரொன்’ போதும். இங்கே அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். இந்த அழுத்தம் அலங்காரமன்று: ‘சாலெ’ என்றால் கிளம்புகிறார், ‘சல்யோ’ என்றால் கிளம்பினார். ‘சலீமொஸ்’ மட்டும் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே வடிவம் ஆகையால், ‘அயேர்’, அதாவது நேற்று, போன்ற சொல்லோ சூழலோதான் காலத்தைக் காட்டும்.

மற்றோர் இறந்தகாலம் நான் சலீய, நீ சலீயஸ், அவர் சலீய, நாங்கள் சலீயமொஸ், (ஸ்பெயினில் நெருக்கமான) நீங்கள் சலீயய்ஸ், அவர்கள் சலீயன் என்று செல்லும். வழக்கமாக நடந்ததையும் நடந்துகொண்டிருந்ததையும் இது சொல்லும். தமிழர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். ‘பள்ளியில் படித்தபோது தினமும் ஏழு மணிக்குக் கிளம்புவேன்’ என்று நாம் பழைய பழக்கத்தை எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். அதை அப்படியே பெயர்த்து ‘சல்த்ரே’ என்றால், கேட்பவர் இனிமேல் கிளம்பப்போவதாக எண்ணிக்கொள்வார். பழங்கதையில் வரும் ‘கிளம்புவேன்’, ‘கிளம்பிக்கொண்டிருந்தேன்’ இரண்டுக்கும் ‘சலீய’ என்பதே சரி. ஆனால் ‘தினமும்’ என்ற சொல்லைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போட்டுவிடக் கூடாது. ‘மூன்று ஆண்டுகள் தினமும் ஆறு மணிக்குக் கிளம்பினேன்’ என்று காலத்துக்கு எல்லை கட்டிவிட்டால், மொத்தமும் முடிந்துபோன ஒரே நிகழ்வாகக் கருதப்பட்டு, ‘சலீ’ என்றே வரும்.

1492 ஆகஸ்ட் 3 அன்று கொலம்பஸ் பாலொஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பியதைச் சொல்ல, ‘கொலோன் சல்யோ தெ பாலொஸ்’ என்பார்கள். தேதி குறித்து ஒருமுறை நடந்த செயல் அது. வேறுபாட்டை ஒரே வரியில் பிடிக்க விரும்புவோர், மத்ரித்தின் அதோச்சா நிலையத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டு இதைச் சொல்லிப் பார்க்கலாம்: ‘எல் த்ரேன் சலீய அ லஸ் ஓச்சொ, பெரொ சல்யோ அ லஸ் ந்வேவெ.’ ரயில் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது, ஆனால் ஒன்பதுக்குத்தான் கிளம்பியது. அட்டவணையில் இருந்தது ‘சலீய’, உண்மையில் நடந்தது ‘சல்யோ’. அவ்வாறே, ‘குவாந்தொ சலீய தெ காஸ’ என்று தொடங்கித் தொலைபேசி ஒலித்தது என்று முடித்தால், நான் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது ஒலித்தது என்று பொருள். ‘குவாந்தொ சலீ’ என்றாலோ, நான் வெளியே வந்ததும் ஒலித்தது.

இந்த எடுத்துக்காட்டுகளில் வரும் ‘தெ’ என்னும் சிறுசொல்லை விட்டுவிடக் கூடாது. நாம் ‘வீட்டை விட்டு’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லிப் பழகியவர்கள். ஸ்பானிய மொழியினரோ ‘வீட்டிலிருந்து’ என்பதுபோல ‘சலீ தெ காஸ’ என்றுதான் சொல்வார்கள். ஒருவரையோ ஒன்றையோ விட்டுப் பிரிந்ததைச் சொல்வதற்கு ‘தெஹார்’ என்ற வேறு வினை உண்டு.

விருந்திலிருந்து ‘சலீ’ என்று ஒருவர் சொன்னால், அவர் காற்று வாங்க வெளியே வந்திருக்கவும் கூடும்; விடைபெற்றுப் போய்விட்டதைச் சொல்ல ‘மெ ஃப்வீ’ என்பது தெளிவானது. ஸ்பெயினின் பெரும்பகுதியில், இன்று காலை கிளம்பியதைச் சொல்ல ‘எ சலீதொ’ என்னும் வடிவம் மிகுதியாக வழங்குகிறது. மெக்சிகோவில் அதே காலைக்கு ‘சலீ’ என்பதே இயல்பு.