பசுவின் சினைப்பருவச் சுழற்சியை ஹார்மோன்கள் வழியாகப் படிப்பது எப்படி?

சினைப்பை தன்னிச்சையாக இயங்குவதில்லை. மூளையும் கருப்பையும் அனுப்பும் ஹார்மோன்களுக்கு ஏற்பவே அது செயல்படுகிறது. ஆகவே, ஹார்மோன்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, சுழற்சியின் எந்த நாளில் எந்த ஹார்மோன் மேலோங்கியிருக்கிறது என்று கேட்டுப் பழகுவதே தொடக்கநிலையினருக்கு நல்லது.

படி 1: நாள் கணக்கைத் தொடங்குங்கள்.
பிற மாடுகள் மேலே ஏறும்போது பசு விலகாமல் நிற்கும் சினைப்பருவ நாளை 0 எனக் குறியுங்கள். சுழற்சி சராசரியாக 21 நாட்கள். 18 முதல் 24 வரை இருப்பது இயல்பே.

படி 2: கார்பஸ் லூட்டியத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்.
சினைப்பருவ அறிகுறிகள் தணிந்த சுமார் 10 முதல் 12 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறுகிறது. அது வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம், கருவைத் தாங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது.

படி 3: ஃபாலிக்கிள் அலைகளைப் புரிந்துகொள்ளுங்கள்.
பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஃபாலிக்கிள் என்பது சினைப்பையில் முட்டை வளரும் சிறு நீர்ப்பை. ஒரு சுழற்சியில் இவை கூட்டமாக வளரும் அலைகள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எழுகின்றன. மூளையடிச் சுரப்பியின் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். உயரும்போது பல ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளர்கின்றன; அவற்றுள் ஏறத்தாழ 8.5 மி.மீ. அளவை எட்டி முந்திச்செல்லும் ஒன்று, ஈஸ்ட்ரடையால், இன்ஹிபின் ஆகிய ஹார்மோன்களைச் சுரந்து எஃப்.எஸ்.எச். அளவைக் குறைத்துவிடுவதால் மற்றவை சுருங்கிவிடுகின்றன. முந்திச்சென்ற ஃபாலிக்கிள், அதே சுரப்பியின் மற்றொரு ஹார்மோனான எல்.எச். துணையில் வாழ்கிறது. ஆனால், புரோஜெஸ்டிரோன் எல்.எச். துடிப்புகளை அடக்கி வைத்திருக்கும்வரை அதுவும் முட்டையை வெளியிடாமல் அழிந்துபோகும். எனவே, சுழற்சியின் நடுவில் ஸ்கேனில் பெரிய ஃபாலிக்கிள் தெரிவதை மட்டும் வைத்து, பசு சினைப்பருவத்துக்கு வரப்போகிறது என்று முடிவு செய்யக் கூடாது.

படி 4: 16, 17ஆம் நாட்களைக் கவனியுங்கள்.
கரு இருந்தால் அது சுரக்கும் இன்டர்ஃபெரான் டௌ, கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றுகிறது. கரு இல்லையெனில், கருப்பையிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா அதை அழிக்க, புரோஜெஸ்டிரோன் வீழ்ந்து, எல்.எச். துடிப்புகள் விரைவடைந்து, ஈஸ்ட்ரடையால் உயர்கிறது. இதுவரை மூளையை அடக்கி வந்த அதே ஈஸ்ட்ரடையால், புரோஜெஸ்டிரோன் இல்லாத இச்சூழலில் எல்.எச்.-ஐ வெளியிடச் செய்யும் மூளை ஹார்மோனான ஜி.என்.ஆர்.எச். பெருக்கைத் தூண்டுகிறது; அதன் விளைவான எல்.எச். எழுச்சியே முட்டையை வெளியேற்றுகிறது.

படி 5: ஊசிக்கு முன் யோசியுங்கள்.
கார்பஸ் லூட்டியத்தை அழித்துப் பசுவைச் சினைப்பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி, சுழற்சியின் முதல் ஐந்து நாட்களில் பெரும்பாலும் பயன் தராது, ஏனெனில் இளம் கார்பஸ் லூட்டியம் அதற்கு இணங்குவதில்லை. சினையுற்ற பசுவுக்குப் போட்டால் கருச்சிதைவு நேரலாம் என்பதால், கால்நடை மருத்துவர் சினைப் பரிசோதனை செய்த பின்னரே இதைப் பயன்படுத்த வேண்டும்.