ஏலத்தில் எடுத்த டெஸ்க்டாப்புகளை ஓட வைத்த விதம்

அரசு அலுவலகங்கள் கழித்துக்கட்டும் டெஸ்க்டாப்புகளை ஏலத்தில் லாட்டாக எடுத்தேன். 'உள்ளது உள்ளபடி' என்பதுதான் நிபந்தனை. வாரன்டி கிடையாது, திருப்பித் தரவும் முடியாது. ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் இல்லை. தகவல் பாதுகாப்புக்காகக் கழற்றியிருப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க்கைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் சேர்த்து உருவிவிட்டார்கள், அதுதான் எரிச்சல்.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், பீப் சத்தம் வரும், திரை மட்டும் இருட்டு. ரேமை (தற்காலிக நினைவகப் பட்டையை) கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்திச் சொருகினேன். பாதிக்கு மேல் அதிலேயே எழுந்துவிட்டன.

அடுத்த தலைவலி பயாஸ் பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். பல மதர்போர்டுகளில் பாஸ்வேர்டை நீக்குவதற்கென்றே ஒரு ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) இருக்கும். மின்வயரைப் பிடுங்கி, ஜம்பரைக் கழற்றி, மறுபடி ஆன் செய்ததும் பூட்டு போனது. லேப்டாப்பில் இவ்வளவு சுலபமில்லை. பாஸ்வேர்டு போட்ட லேப்டாப் லாட்டை நான் தொடுவதே இல்லை.

கடிகாரம் ஏதோ பழைய ஆண்டைக் காட்டியதால் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன். அப்புறமும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்ட புது எஸ்எஸ்டி (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்), ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றும் இன்ஸ்டாலரின் கண்ணில் படவில்லை. பேட்டரி தீர்ந்ததில் பயாஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி) 'ரெய்டு' என்று, பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறையில் நின்றிருந்தது. அதைச் சாதாரண முறையான 'ஏஹெச்சிஐ' ஆக்கியதும் எஸ்எஸ்டி தெரிந்துவிட்டது.

லாட்டோடு வந்த ரெஜிஸ்டர்டு வகை சர்வர் ரேம் சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது. அதைத் தனியாக விற்றுவிட்டேன்.