ஹார்லெம் நகரை வழிகாட்டியோடு சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ஸ்டர்டாமில் ரயில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் ஹார்லெம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதே இந்த ஊருக்குப் பாதகமாகிவிட்டது. ஆம்ஸ்டர்டாம் பார்த்து மிச்சமான அரை நாளை இதற்கு ஒதுக்குகிறார்கள். ஒரு வழிகாட்டியின் பின்னால் ஒன்றரை மணி நேரம் நடந்து, சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு, "அழகான பழைய ஊர்" என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். ஓவியத்திலும் கட்டடக் கலையிலும் ஆர்வமுள்ள ஒருவர் அப்படித் திரும்புவது பெரிய இழப்பு.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, கட்டடங்களை ஒரு கணக்கிலும் ஓவியங்களை இன்னொரு கணக்கிலும் வைப்பது. காலையில் நடைச் சுற்றுலா, மதியம் அருங்காட்சியகம், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஹார்லெமில் இரண்டும் ஒரே கதை. அந்தக் கதையின் தொடக்கத்தை ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டால், வழிகாட்டி சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எடை கூடும்.

அப்போது நெதர்லாந்து ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்திருந்த காலம். 1572 டிசம்பரில் ஸ்பானியப் படை ஹார்லெமை முற்றுகையிட்டது. ஏழு மாதம் தாக்குப்பிடித்த ஊர், 1573 ஜூலையில் பட்டினி தாங்காமல் சரணடைந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1576இல், பெருந்தீ பிடித்து ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலானது. 1585இல் தெற்கே ஆண்ட்வெர்ப் ஸ்பானியர் கைக்குப் போனபோது, அந்தப் பகுதியிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் வடக்கே வந்தார்கள். ஆள் குறைந்து, வீடிழந்து கிடந்த ஹார்லெம் அவர்களை ஏற்றுக்கொண்டது. நெசவாளர்கள், துணி வெளுப்பவர்கள், கொத்தனார்கள், ஓவியர்கள் என்று வந்தவர்களால் ஊர் மறுபடி எழுந்தது. 1622இல் மக்கள்தொகை சுமார் 39,000. ஊரின் முகத்தை மாற்றிய கட்டடக் கலைஞர் லீவன் டி கெய், தெற்கே உள்ள கெண்ட் நகரத்துக்காரர். ஊரின் முகங்களை வரைந்த ஃபிரான்ஸ் ஹால்ஸ், ஆண்ட்வெர்ப்பில் பிறந்து சிறுவனாக இங்கே வந்து சேர்ந்தவர். நீங்கள் பார்க்கப் போகும் சிறந்த கட்டடங்களிலும் ஓவியங்களிலும் பல, அகதிகளாக வந்தவர்களின் கைவேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.

இரண்டு பாவோ தேவாலயங்கள்

ஹார்லெமில் புனித பாவோ பெயரில் இரண்டு பெரிய தேவாலயங்கள் உண்டு. கைப்பேசி வரைபடத்தில் "பாவோ" என்று மட்டும் தட்டிவிட்டு, வழிகாட்டி ஒரு பக்கம் காத்திருக்க இன்னொரு பக்கம் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். குரோட்டெ மார்க்ட் சதுக்கத்தில் நிற்பது பழைய கோதிக் தேவாலயம்; 1578 முதல் புரொட்டஸ்டண்டுகள் வசம் இருப்பது. லைட்ஸஃபார்ட் கால்வாய்க் கரையில் இருப்பது கத்தோலிக்கப் பேராலயம். 1895 முதல் 1930 வரை கட்டியது, வடிவமைத்தவர் யோசஃப் கௌபர்ஸ். அதுவும் அருமையான கட்டடம்தான். ஆனால் நடைச் சுற்றுலா தொடங்குவது பெரும்பாலும் சதுக்கத்திலுள்ள பழைய பாவோவில்.

அந்தப் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்ததும் "உள்ளே ஒன்றுமே இல்லையே, வெறும் வெள்ளைச் சுவர்" என்று ஏமாறுவது அடுத்த தவறு. இத்தாலிய, ஸ்பானியத் தேவாலயங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. அந்த வெறுமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கத்தோலிக்கப் பீடங்களும் சிலைகளும் அகற்றப்பட்ட பிறகு மிஞ்சியவை தூண்களும் ஒளியும். அந்த ஒளியையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஓவியர் பீட்டர் சான்ரெடாம், இதே மண்டபத்தில் நின்று, தூண் தூணாக அளவெடுத்து, இதைப் பலமுறை வரைந்தார். அவருடைய கல்லறையும் ஹால்ஸின் கல்லறையும் இந்தத் தரையில்தான் இருக்கின்றன. வழிகாட்டியிடம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு தலையை நிமிர்த்துங்கள். கூரை வளைவுகள் கல் அல்ல, மரம். நடுக் கோபுரமும் மரத்தால் ஆகி, ஈயத் தகடு போர்த்தியது. முதலில் கல்லில்தான் கோபுரம் எழுப்பத் தொடங்கினார்கள்; தூண்கள் பாரம் தாங்காது என்று தெரிந்ததும் இறக்கிவிட்டு மரத்துக்கு மாறினார்கள். சேறும் மணலுமான இந்த நாட்டில் எடை என்பது கட்டடக் கலைஞரின் முதல் கவலை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற டச்சு ஊர்களின் கட்டடங்களும் புரியத் தொடங்கும்.

கிறிஸ்டியன் முல்லர் 1738இல் முடித்த பெரிய ஆர்கன் என்னும் குழல் இசைக்கருவியை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். 1766இல் பத்து வயது மொசார்ட் அதை வாசித்ததையும் தவறாமல் சொல்வார்கள். பார்ப்பதோடு நிறுத்தாமல், கோடையில் போனால் கச்சேரி நாள் பார்த்துப் போங்கள். வாசிக்கக் கேட்காத ஆர்கன் பாதி ஆர்கன்தான்.

முகப்பை வைத்து வயதைக் கணிப்பது

டச்சு வீடுகளின் முகப்பு உச்சியில் படிக்கட்டு வடிவம், கழுத்து வடிவம், மணி வடிவம், மேலே நேர்க்கோடாக முடியும் வடிவம் எனப் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் பாணி. வழிகாட்டி இதை விளக்கியதும் பலர் தெருவெல்லாம் "இது பதினேழாம் நூற்றாண்டு, அது பதினெட்டாம் நூற்றாண்டு" என்று அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் சொல்வது முகப்பின் வயது. வீட்டின் வயது வேறாக இருக்கலாம். வசதி வந்த வணிகர்கள் பழைய வீட்டை இடிக்காமல், முன்சுவரை மட்டும் புதிய பாணியில் மாற்றிக்கொண்டார்கள். பக்கத்துச் சந்தில் போய்ப் பாருங்கள். நேர்க்கோட்டு முகப்புக்குப் பின்னால் செங்குத்தான பழைய கூரை ஒளிந்திருக்கும். சுவரில் இரும்பு எண்களாகத் தெரியும் ஆண்டும் முகப்பைப் புதுப்பித்த ஆண்டாக இருக்க வாய்ப்புண்டு. வீட்டு எண்கள் வருவதற்கு முன் அடையாளமாகப் பதித்த புடைப்புச் சிற்பக் கற்களும் ஆங்காங்கே இருக்கின்றன. கடை ஜன்னல்களைப் பார்த்தபடி நடந்தால் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

லீவன் டி கெய் 1602 முதல் 1604 வரை கட்டிய பழைய இறைச்சிச் சந்தை, ஃப்ளேஸ்ஹால், சதுக்கத்திலேயே இருக்கிறது. ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இதன் முன்னால் கால் மணி நேரம் நிற்க வேண்டும். சிவப்புச் செங்கல்லுக்கு நடுவே வெளிர் மணற்கல் பட்டைகள், படிப்படியாக ஏறும் உச்சி, ஒவ்வொரு படியிலும் கூர்முனைகள், சுவரில் மாட்டுத் தலையும் ஆட்டுத் தலையும். இறைச்சி விற்கும் கூடத்துக்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு? முற்றுகையும் தீயும் முடிந்து முப்பது ஆண்டு ஆவதற்குள் ஊர் எழுந்து நின்றுவிட்டது என்று உலகத்துக்குச் சொல்லத்தான் என்பது என் வாசிப்பு. எதிரே நகர மன்றக் கட்டடத்திலும் அவர் கை பட்டிருக்கிறது. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள்.

ஹால்ஸின் ஓவியங்களுக்கு முன்னால்

ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம் முன்பு ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1913 முதல் அருங்காட்சியகம். ஹால்ஸ் தன் எண்பது வயதுக்கு மேல், 1664இல், இந்த இல்லத்தின் ஆண் நிர்வாகிகளையும் பெண் நிர்வாகிகளையும் இரண்டு ஓவியங்களாக வரைந்தார். அவர்கள் நிர்வாகம் செய்த அதே கட்டடத்தில்தான் அந்த ஓவியங்கள் இன்று இருக்கின்றன. உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன வீடுகளைப் பார்க்காமல் நேராக ஓவியக் கூடத்துக்கு ஓடுவது எவ்வளவு பெரிய பிழை என்று இப்போது தெரியும்.

இந்த இரண்டு ஓவியங்களைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. வறுமையில் வாடிய ஹால்ஸ் இந்த இல்லத்தில் அடைக்கலமாக இருந்தார், நிர்வாகிகள் கொடுமைப்படுத்தினார்கள், அதனால் அவர்களைக் குடிகாரர்களாகவும் கல்நெஞ்சக்காரர்களாகவும் வரைந்து பழி தீர்த்தார் என்பது கதை. ஹால்ஸ் கடைசிக் காலத்தில் பணமில்லாமல் இருந்தது உண்மை. ஆனால் அவர் இந்த இல்லத்தில் வசிக்கவில்லை. 1664இல் நகர மன்றம் அவருக்கு ஆண்டுக்கு 200 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) உதவித்தொகை ஒதுக்கியது. பழி வாங்கினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஓவியத்தைப் பார்த்தால் கண் கதையைத்தான் தேடும். அந்த வயதான கை எவ்வளவு குறைவான தீற்றல்களில் ஒரு கையுறையை, ஒரு விரலை உண்டாக்கியிருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். அதனால் வழிகாட்டியிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்: முதல் இரண்டு நிமிடம் நாங்கள் சும்மா பார்க்கிறோம், பிறகு விளக்குங்கள் என்று. நல்ல வழிகாட்டி இதை விரும்புவார்.

பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஹால்ஸை ஒரே இடத்தில் நின்று பார்க்கக் கூடாது. அனுமதிக்கும் அளவுக்கு அருகே போங்கள். சரிகை வேலை கலைந்து வெறும் வெள்ளைத் தீற்றல்களாகத் தெரியும். நாலைந்து அடி பின்வாங்குங்கள். அதே தீற்றல்கள் துணியாகக் கூடிவிடும். மானே, மோனே போன்ற பிரெஞ்சு ஓவியர்கள் நெதர்லாந்து வந்து ஹால்ஸிடம் ஊன்றிப் பார்த்தது இந்தக் கை வீச்சைத்தான். "எல்லாரும் கறுப்பு உடை, சோகமாக இருக்கிறது" என்று கடந்துபோவதும் வழக்கம். ஆழமான கறுப்புச் சாயம் அந்தக் காலத்தில் விலை உயர்ந்தது. கறுப்பு உடை செல்வத்தின் அடையாளம். ஹால்ஸிடம் இருபத்தேழு கறுப்புகள் இருக்கின்றன என்று வான் கோ தன் தம்பிக்கு 1885இல் எழுதினார். அந்தக் கறுப்புக்கு மேல் மின்னும் வெள்ளைக் கழுத்துப்பட்டையை மறக்காதீர்கள். லினன் துணியை வெளுப்பதில் ஹார்லெம் ஐரோப்பா முழுக்கப் பேர் பெற்றது. அந்தத் தொழிலை வளர்த்தவர்களில் தெற்கிலிருந்து வந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1616இல் ஹால்ஸ் வரைந்த புனித ஜார்ஜ் ஊர்க்காவல் படை அதிகாரிகளின் விருந்து ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, குரோட்டெ ஹௌட்ஸ்ட்ராட் தெருவிலுள்ள ப்ரோவெனிர்ஸ்ஹோஃப் முற்றத்துக்கு நடந்து போங்கள். அந்தப் படை கூடிய இடம் அது. ஓவியத்துக்கும் இடத்துக்கும் இடையே சில நிமிட நடைதான். இந்த நடையைத் தராத சுற்றுலா என்றால், நீங்களாகப் போய்விடுங்கள்.

இன்னொரு பெயரையும் கேட்க வேண்டும்: யூடித் லேஸ்டர். ஹார்லெமில் பிறந்து, 1633இல் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரான பெண். அவருடைய ஓவியங்கள் நீண்ட காலம் ஹால்ஸின் பெயரில் விற்கப்பட்டன. 1893இல் அப்படி ஒன்றில் அவருடைய எழுத்துகளும் நட்சத்திரக் குறியும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அவர் பெயர் மீண்டது. ஹால்ஸை மட்டும் கேட்டால் வழிகாட்டி ஹால்ஸை மட்டும் காட்டுவார்.

சொல்வதெல்லாம் வரலாறு அல்ல

சதுக்கத்தில் நிற்கும் சிலை லௌரன்ஸ் கோஸ்டருடையது. அச்சுக் கலையைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று ஊர் நெடுங்காலம் நம்பியது. இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஸ்பார்னெ ஆற்றங்கரையில் எல்லாரும் படம் எடுக்கும் அட்ரியான் காற்றாலை 1932இல் எரிந்து போய், 2002இல் மறுபடி கட்டப்பட்டது. இதெல்லாம் ஊரின் மதிப்பைக் குறைக்காது. எது ஐதீகம், எது ஆவணம், எது மறுகட்டுமானம் என்று பிரித்துக் கேளுங்கள். "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டால் டச்சுக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை, நேரடியான கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கும்.

ஹோஃப்யெ எனப்படும் முற்ற வீடுகளில் மட்டும் கேள்வியை வாசலுக்கு வெளியே முடித்துக்கொள்ளுங்கள். வசதியற்ற முதிய பெண்களுக்காகச் செல்வந்தர்கள் கட்டிவைத்த இவை ஹார்லெமில் இருபதுக்கும் அதிகம்; பாக்கெனெஸ் முற்றம் 1395இல் தொடங்கியது. இன்றும் இவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது, கூட்டமாக நின்று உரக்கப் பேசுவது, குடியிருப்பவர்களைப் படமெடுப்பது ஆகியவை கூடவே கூடாது. இப்படிப்பட்டவர்களால்தான் சில முற்றங்களின் கதவு பார்வையாளர்களுக்குச் சாத்தப்படுகிறது. பெரிய குழுவோடு உள்ளே நுழையும் வழிகாட்டியைவிட, நாலைந்து பேராகப் பிரித்து அனுப்புபவரை நம்பலாம்.

வழிகாட்டியைத் தேர்வதற்கும் இதையே அளவுகோலாக வைக்கலாம். பல டச்சு ஊர்களில் "கில்டே" என்ற பெயரில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் குறைந்த கட்டணத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். முன்பதிவின்போதே உங்கள் விருப்பம் கட்டடமா, ஓவியமா என்று சொல்லிவிடுங்கள். தேவாலயத்துக்குள் கூட்டிப் போவார்களா, நுழைவுக் கட்டணம் யார் தருவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது விளக்கம் கேட்கும் ஆர்வத்தில் சைக்கிள் பாதையில் நின்றுவிடாதீர்கள்.

நாளைத் தேர்வதில் நடக்கும் தவறுதான் சரிசெய்ய எளிது. ஞாயிறன்று பழைய பாவோவில் வழிபாடு, ஹோஃப்யெக்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். திங்களன்று ஹால்ஸ் அருங்காட்சியகம் இல்லை. சனிக்கிழமை சதுக்கத்தில் சந்தை. கூடாரங்களுக்கு மேலே கட்டடங்களின் பாதிதான் தெரியும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தொடங்குவது நல்லது. 1784இல் திறந்த டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தையும் பார்ப்பதாக இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அதன் முட்டை வடிவ மண்டபம் மேலிருந்து விழும் பகல் வெளிச்சத்தை நம்பிக் கட்டியது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் நாட்டில் அங்கே மதியம் இரண்டு மணிக்குள் நுழைந்துவிட வேண்டும்.