பவர் பின்களுக்குத் தனி யூனிட்

மின்சுற்று வரைபட மென்பொருளான கீகேட்டில் (KiCad), ஒரே ஐசியில் (சிப்பில்) பல பகுதிகள் இருந்தால், அதற்கான சுற்றுப்படக் குறியீட்டை வரையும்போது, மின்சாரம் பெறும் பவர் பின்களை மட்டும் தனி யூனிட்டாக்கி (படத்தில் தனியே வைக்கக்கூடிய துண்டாக்கி), அவற்றின் வகையை ‘பவர் இன்புட்’ என்று குறியுங்கள். எடுத்துக்காட்டாக, எல்எம்324 என்ற ஐசியில் நான்கு ஆப்-ஆம்ப்கள் (பெருக்கிகள்). பவர் பின்களான 4, 11 இரண்டும் ஐந்தாவது யூனிட்டுக்குப் போகும். மின் இணைப்பு கொடுக்க மறந்தால் மென்பொருளின் மின்விதிச் சோதனை (ERC) காட்டிக்கொடுத்துவிடும். மின்வழங்கலின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் டீகப்ளிங் மின்தேக்கியையும் அந்த யூனிட்டின் அருகிலேயே வரையலாம்.

பவர் பின்களை மறைத்துவைக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். கீகேட்டில் மறைந்த பவர் இன்புட் பின், தன் பெயரிலுள்ள நெட்டோடு (மின் இணைப்போடு) சத்தமில்லாமல் இணைந்துவிடும்; 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சேர்ந்திருக்கும் பலகையில் அது வீண் வம்பு.

இரு பக்கங்களை மின்தொடர்பின்றிப் பிரித்துவைக்கும் மின்தனிமைப்படுத்தும் ஐசிகளைப் போல, ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்த பவர் பின்கள் இருந்தால் இந்த முறை பொருந்தாது. அவற்றை அந்தந்தப் பக்கத்தோடே விட்டுவிடுங்கள்.